ஐவி சங்கத்தில் சேர்ந்த வருடம்

ஐவி இருபத்தொன்பது வருடம் ஒரே கம்பெனியில் வேலை செய்தாள். ஈப்போவில் ஒரு மரக் கம்பெனியின் ஆபிஸ். சிம்பாங் பூலாயைத் தாண்டிக் கேமரன் மலைக்கு ஏறும் பாதையிலிருந்து உள்ளே தள்ளி, மலைக்காட்டில் மரம் வெட்ட அந்தக் கம்பெனிக்கு உரிமம் இருந்தது. வெட்டிய மரத்தை அறுக்க ஊருக்கு வெளியே ஓர் ஆலை. ஐவி அந்தக் காட்டை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் காட்டைப் பற்றிய காகிதம் எதுவும் அவள் கைபடாமல் வெளியே போனதில்லை.

அவள் பிறந்தது சித்தியவானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அவளுக்குப் பதினைந்து வயதாகும்போது தோட்டம் கைமாறி, பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். குடும்பம் ஈப்போவில் புந்தோங் பகுதிக்கு வந்தது. அக்கா மெலிண்டா தாதியானாள். ஐவி டைப்ரைட்டிங் படித்தாள். இருவருக்குமே கல்யாணம் அமையவில்லை. அம்மா அப்பா போன பிறகு இரண்டு பேரும் அதே வீட்டில், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பூசைக்குப் போய், மற்ற நாளெல்லாம் சின்னச் சின்னதாகச் சண்டை போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

கம்பெனி ஒரு சான்றிதழ் வைத்திருந்தது. காட்டைப் பொறுப்போடு நிர்வகிக்க வேண்டும் என்று பல நாடுகளில் உறுப்பினர்களைச் சேர்த்து நடக்கும் ஒரு சங்கம் உண்டு. அந்தச் சங்கத்தின் விதிப்படி மரம் வெட்டுகிறவர்களுக்குத்தான் அந்தச் சான்றிதழ். அது இருந்தால் பலகையில் சங்கத்தின் முத்திரையைக் குத்தலாம். வெளிநாட்டில் அந்த முத்திரையைப் பார்த்து வாங்குகிறவர்கள் இருந்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை ஆடிட்டர்கள் வந்து இரண்டு நாள் பைல்களைப் புரட்டிவிட்டுப் போவார்கள். எந்த வருடமும் ஐவியின் பைலில் அவர்கள் ஒரு குறை சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு டிசம்பரில், ஒன்பதாம் பிளாக்கில் வெட்டத் தொடங்குவதற்கு முன் வைக்க வேண்டிய காகிதங்களை ஐவி அடுக்கிக்கொண்டிருந்தாள். அதில் ஒன்று வரவில்லை. மலைக்காட்டில் தொடை பருமனுள்ள கொடிகள் மரத்துக்கு மரம் ஏறிப் பின்னிக் கிடக்கும். ஒரு மரத்தைச் சாய்த்தால் கொடி பக்கத்து மரத்தை இழுக்கும், கிளையை முறித்துக் கீழே போடும். அதனால் மரம் வெட்டுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஆட்கள் போய்க் கொடிகளை அடியில் அறுத்துவிட வேண்டும். அவை காய்ந்து இற்றுப்போயிருக்கும். அறுத்த தேதியை எழுதி வைக்க வேண்டும் என்பது விதி.

அவள் மேனேஜர் கால்வினிடம் போனாள். கால்வின் அவளைவிட ஏழு வயது இளையவர். ஒரே கோயில். அவருடைய மூத்த பெண்ணுக்கு ஐவிதான் ஞானத்தாய்.

"கால்வின், ஒம்பதாம் பிளாக் கொடி வெட்டுன தேதி வரலயே?"

"மழைக்கா. ஆளு ஏற முடியல. ஜனவரில அனுப்பிருவேன். நீங்க அக்டோபர்ல ஒரு தேதி போட்டு வைங்க லா."

"வெட்டாம எப்படிப் போடறது?"

"எப்படியும் வெட்டத்தானே போறோம். பேப்பர் முன்னாடி, வேல பின்னாடி. அவ்ளோதான்."

அவள் அக்டோபர் பதினான்கு என்று அடித்தாள். வேலை நாள்தானா என்று காலண்டரைப் பார்த்துச் சரிபார்த்தும் கொண்டாள்.

ஜனவரியிலும் மழை விடவில்லை. யாரும் கொடி வெட்டப் போகவில்லை.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன், காட்டில் ஒருவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. பெயர் பிச்சைமுத்து. வயது நாற்பத்தொன்று. தோட்டங்களில் வயசான பால்மரங்களை வெட்டி வெட்டியே செயின்சா பழகியவர். தோட்டங்களில் வெட்ட மரமில்லாமல் போனதும் கொன்ட்ரெக்டர் ஒருவரோடு மலைக்குப் போனார். கால்வின் அவள் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நம்ம ஆளு இல்லக்கா. கொன்ட்ரெக்டர் ஆளு. நம்ம விபத்து லிஸ்ட்ல வராது."

சங்கத்துக்கு அனுப்பும் விபத்துப் பாரத்தில் கேட்டிருந்தது 'கம்பெனியின் தொழிலாளர்கள்' என்றுதான். ஐவி எடுத்துப் படித்துப் பார்த்தாள். கால்வின் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துச் செல்லாயி வந்தாள். பிச்சைமுத்துவின் மனைவி. சிம்பாங் பூலாயிலிருந்து மோட்டாரில் வந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐவி தண்ணீர் கொடுத்தாள்.

"ஒரு கடுதாசி வேணுங்க்கா. அவரு இந்தக் காட்டுல, வேல செய்யிறப்ப செத்தாருன்னு. கொன்ட்ரெக்டரு போன எடுக்க மாட்றாரு."

"அவர் எங்க கம்பெனி ஆள் இல்லம்மா. நாங்க எழுதிக் குடுக்க முடியாது."

"காடு உங்க காடுதானே?"

ஐவி தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினாள். செல்லாயி ஹெல்மெட்டின் வாரைத் திருகியபடி பேசினாள். "கூட இருந்தவங்க சொன்னாங்கக்கா. அவரு வெட்டுன மரம் சரியாத்தான் விழுந்துச்சாம். கொடி இழுத்து, பக்கத்து மரத்துக் கெள முறிஞ்சு மேல விழுந்திருச்சாம். கொடிய முன்னாலயே வெட்டியிருக்கணுமாம். யாரும் வெட்டலயாம்."

 அவள் பேசி முடிக்கும்வரை ஐவி மேசைக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கொன்ட்ரெக்டரின் ஆபிஸ் விலாசத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

ஜூன் மாதம் ஆடிட்டர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண், சின்ன வயது, பைல்களை மூடி வைத்துவிட்டு ஐவியைப் பார்த்துக் கேட்டாள். "பாரத்தில் இருப்பது இருக்கட்டும். கடந்த ஒரு வருடத்தில் காட்டில் வேறு யாருக்காவது ஏதாவது ஆனதா?"

"இல்லை," என்றாள் ஐவி.

அப்போது கால்வின் அறையில் இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லும்படி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பின்னாட்களில் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஐவி இந்த இடத்தில் நிறுத்திவிடுவாள். தேதி போட்டது மேலிடம் சொல்லி. இது அவளாகச் சொன்னது.

சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டது. ஐவி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பாதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, செபம் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். ஆனாலும் அடுத்த ஞாயிறு நற்கருணைக்கு எல்லாரும் எழுந்து வரிசையில் போனபோது அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வீட்டுக்கு வந்ததும் மெலிண்டா ஏன் என்று கேட்டாள். ஐவி எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீயா அந்த ஆள கொன்ன?" என்றாள் மெலிண்டா. "டைப் அடிச்ச. அவ்ளோதான் லா. ரெண்டு மூணு வருஷத்துல ரிட்டையரு. வாய மூடிக்கிட்டு இரு."

டிசம்பரில் ஐவி வேலையை விட்டாள். காரணம் உடம்பு சரியில்லை என்று எழுதினாள்.

சங்கத்துக்கு யார் வேண்டுமானாலும் புகார் அனுப்பலாம் என்பது அவளுக்குத் தெரியும். அந்த விலாசத்தை எத்தனையோ முறை உறையில் அடித்திருக்கிறாள். ஆனால் அவளை அரித்தது அந்தப் பாரம்தான். கம்பெனியின் தொழிலாளர்கள் என்ற இரண்டு சொல்லுக்கு வெளியே நிற்கிறவன் செத்தால் எந்தக் கட்டத்திலும் வர மாட்டான். சித்தியவானில் தனேஸ்வரன் என்றொருவர் இருந்தார். வனவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், சங்கத்தின் நீண்டகால உறுப்பினர். முன்பு ஒரு முறை கம்பெனிக்கு வந்து ஓடையோர மரங்களைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டுப் போயிருந்தார். ஐவி பஸ் ஏறிச் சித்தியவானுக்குப் போனாள்.

அவர் கோப்பி போட்டுக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி, சங்கத்தில் சேர வேண்டும் என்றதும் சொன்னார். "புகார் குடுக்க உறுப்பினரா இருக்கணும்னு இல்லம்மா. ஏன் சேரணும்ங்கிறீங்க?"

"புகார் குடுத்தா அந்த ஒரு கம்பெனியத்தான் சார் பார்ப்பாங்க. எனக்கு அந்தப் பாரத்த மாத்தணும்."

"அது லேசு இல்ல. பொதுக்கூட்டத்துல உறுப்பினர் ஒருத்தர் தீர்மானம் கொண்டு வரணும். இன்னும் ரெண்டு பேர் வழிமொழியணும். அப்புறம் ஓட்டு. சுற்றுச்சூழல்காரங்க ஒரு பிரிவு, வியாபாரிங்க ஒரு பிரிவு, உங்கள மாதிரி, என்னை மாதிரி சமூகப் பிரிவு ஒண்ணு. மூணும் ஒத்துக்கணும். ஒண்ணு வேணாம்னாலும் விழுந்திரும்."

"பரவால்ல சார்."

"சேர்றதுக்கே ரெண்டு உறுப்பினர் பரிந்துரை வேணும். ஒண்ணு நான் தாரேன். ஆனா ஏன் சேர விரும்புறீங்கன்னு பாரத்துல ஒரு கேள்வி இருக்கும். அதுல எனக்குச் சொன்னத அப்படியே எழுதணும். காட்டு மேல பாசம், இயற்கை மேல பாசம்னு எழுதுனீங்கன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஐவி வீட்டுக்கு வந்து எழுதினாள். வாழ்நாள் முழுதும் மற்றவர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்தவளுக்குத் தன்னைப் பற்றி எழுத மூன்று நாள் பிடித்தது. 'ஒன்பதாம் பிளாக்கில் கொடிகள் அறுக்கப்பட்டதாகப் பொய்த் தேதி எழுதியவள் நான். ஒருவர் இறந்தது தெரிந்தும் இல்லை என்று சொன்னவள் நான்.' அதை மெலிண்டாவிடம் காட்டவில்லை.

இரண்டாவது பரிந்துரைக்குத் தனேஸ்வரன் அவளைப் பூர்வகுடிக் கிராமத்துப் பெண்மணி ஒருவரிடம் அழைத்துப் போனார். அந்தச் சங்கத்தில் அவரும் பல வருடம் இருக்கிறார். அவர் காகிதத்தை வாசித்துவிட்டு மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார். "செத்தவரோட மனைவிக்கு இது தெரியுமா?"

தெரியாது என்றாள் ஐவி.

"அவகிட்ட சொல்லிட்டு வா. அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்."

அந்த வாரமே ஐவி சிம்பாங் பூலாய்க்குப் போனாள். செல்லாயி பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் வேலை முடிந்து வந்து, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஐவியை முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஐவி உட்காராமல் நின்றபடியே சொன்னாள். தேதியைச் சொன்னாள். ஆடிட்டரைச் சொன்னாள்.

செல்லாயி கையிலிருந்த ஈரச்சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் வருவது நின்ற பிறகும் பிழிந்தாள்.

"அன்னிக்கு நான் வந்தப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"நீ கொடின்னு சொன்னதும் தெரிஞ்சுச்சும்மா."

"தெரிஞ்சும் அட்ரஸ் எழுதிக் குடுத்து அனுப்பிட்டீங்க."

"ஆமா."

"அந்த ஆபிசு பூட்டிக் கெடந்துச்சுக்கா. நாலு தடவ போனேன்." செல்லாயி சட்டையைக் கொடியில் போட்டு கிளிப் மாட்டினாள். "நீங்க போங்க. என்னமோ செய்ங்க. எனக்கு உங்க மூஞ்சியப் பார்க்க முடியல."

ஐவி உறுப்பினரானது இரண்டாயிரத்து இருபத்து நான்கு ஏப்ரலில். ஒரு மின்னஞ்சல் வந்தது. அன்புடன் வரவேற்கிறோம் என்று தொடங்கி, சமூகப் பிரிவில் அவளைச் சேர்த்திருப்பதாகச் சொன்னது. அன்றே புகாரையும் அனுப்பினாள், தன் பெயரோடு.

விசாரணைக்கு இரண்டு பேர் ஆகஸ்டில் வந்தார்கள். இறந்தவரின் குடும்பமும் விரும்பினால் வரலாம் என்றார்கள். வர மாட்டாள் என்றுதான் ஐவி நினைத்தாள். ஆனால் காலையில் சாலை முனையில் செல்லாயி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். ஐவியிடம் பேசவில்லை. ஜீப்பில் முன்னால் ஏறிக்கொண்டாள்.

இருபத்தொன்பது வருடம் காகிதத்தில் மட்டுமே பார்த்த காட்டுக்குள் ஐவி முதன்முதலாக நடந்தாள். லோரிப் பாதை செம்மண்ணாகக் குழைந்து கிடந்தது. மேலே ஏற ஏற மூச்சு வாங்கியது. ஒன்பதாம் பிளாக் என்று அவள் ஆயிரம் தடவை அடித்த இடம் ஒரு சரிவு. நடுவில் ஒரு மெராந்தி மரத்தின் அடிக்கட்டை, நான்கு பேர் உட்காரலாம் போல. பக்கத்தில் ஒரு கொடி மண்ணில் கிடந்தது. ஒன்றரை வருடம் ஆகியும் மக்கிப் போகவில்லை. விசாரணைக்கு வந்தவர்களில் மூத்தவர், ஒரு மலாய்க்காரர், குனிந்து அதன் அடியைக் காட்டினார். கத்தி பட்ட தடமே இல்லை. பிய்ந்து நாராகத் தொங்கியது.

செல்லாயி அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையால் பருமனை அளந்து பார்த்தாள். பிறகு அந்தப் பெரியவரிடம் மலாயில் கேட்டாள். "இத வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் நிமிர்ந்தார். இன்னொருவரைப் பார்த்தார். "பாராங் கத்தி இருந்தா அஞ்சு நிமிஷம்," என்றார்.

செல்லாயி தலையை ஆட்டினாள். அழவில்லை. ஐவிதான் கொஞ்சம் தள்ளிப் போய், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பும் வழியில் சேற்றில் ஐவியின் கால் வழுக்கியது. செல்லாயி முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பிடியை விட்டு, முன்னால் நடந்தாள்.

புகார் நிரூபணமானது. வருடக் கடைசியில் சான்றிதழைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அறிக்கை இருபத்தாறு பக்கம். அதில் பிச்சைமுத்து 'ஓர் ஒப்பந்தத் தொழிலாளி' என்று இருந்தார். அறிக்கைகளில் ஆட்களின் பெயர் போடும் வழக்கம் இல்லையாம். ஆனால் அவர் அந்தக் காட்டில், வேலை நேரத்தில், அறுக்கப்படாத கொடியால் இறந்தார் என்று தெளிவாக எழுதியிருந்தது. ஐவி அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துச் செல்லாயிக்கு அனுப்பினாள். கிடைத்தது என்று ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்ததை ஐவி எதிர்பார்க்கவில்லை. முத்திரை பார்த்து வாங்கியவர்கள் விலகிக்கொண்டார்கள். ஆலையில் ஒரு ஷிப்டை நிறுத்தி முப்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பாதிப் பேர் புந்தோங்காரர்கள். கால்வினையும் எடுத்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் கம்பெனி முத்திரையே கேட்காத வேறு ஆட்களுக்கு விற்கத் தொடங்கியது. குறையைச் சரிசெய்து சான்றிதழை மீட்க அது அக்கறை காட்டவில்லை. இப்போது அந்த மலைக்கு ஆடிட்டர்கள் வருவதில்லை. கொடி வெட்டுகிறார்களா என்று கேட்க யாருமில்லை. இதைத் தனேஸ்வரன்தான் ஐவிக்குப் போனில் சொன்னார்.

"நான் சொல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

"அது எனக்குத் தெரியலம்மா," என்றார் அவர். அவர் ஆறுதலுக்காகப் பொய் சொல்கிற ஆள் இல்லை.

கோயில் வாசலில் ஒரு நாள் கால்வின் எதிரே வந்தார். இரண்டு பேரும் ஒதுங்க இடமில்லாத படிக்கட்டு.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்க்கா," என்றார். "நானே உங்ககூட வந்து கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னமோ. நீங்க கேக்கவே இல்ல."

ஐவிக்கு அது பெரிய அடி. கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவர் இப்போது கைபேசி வழி அழைக்கிறவர்களுக்கு வாடகைக் கார் ஓட்டுகிறார். ஞானமகள் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. மெலிண்டா எதுவும் சொல்லவில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், அன்று முழுதும் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள்.

தீர்மானம் போன வருடம் பொதுக்கூட்டத்துக்கு வந்தது. காட்டுக்குள் யார் வேலை செய்தாலும், யாருடைய ஆளாக இருந்தாலும், விபத்தில் இறந்தால் பெயரோடு பதிய வேண்டும் என்பது தீர்மானம். ஐவி வீட்டிலிருந்து கணினியில் பேசினாள். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். புகாரில் எழுதியதையே ஆங்கிலத்தில் மெதுவாக வாசித்தாள்.  சமூகப் பிரிவில் ஏறக்குறைய எல்லாரும் ஆதரித்தார்கள். சுற்றுச்சூழல் பிரிவிலும் நிறைவேறியது. வியாபாரப் பிரிவில் விழுந்தது. வித்தியாசம் அதிகமில்லை என்று பலர் எழுதினார்கள். தைரியமான பேச்சு என்று முன்பின் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ வாழ்த்தினார். ஐவி கணினியை மூடினாள். பின்னாலிருந்து மெலிண்டா வந்து தோளில் கை வைத்தாள். அக்கா அப்படித் தொட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. தனேஸ்வரனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அவரால் இனி வழிமொழிய முடியாது. ஐவி மற்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுகிறாள். பெரும்பாலும் பதில் வருவதில்லை. போன மாதம் ஒரு பதில் வந்தது. எங்கோ தூர தேசத்தில் மரவியாபாரம் செய்கிற ஒரு பெண்மணி. வழிமொழிவதைப் பற்றி யோசிப்பதாகவும், இறந்தவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா என்றும் கேட்டிருந்தார். என்ன ஆள், எங்கே பிறந்தார், என்ன வயது.

ஐவிக்கு அவர் வயது தெரியும். ஆனாலும் இந்த முறை கேட்காமல் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. செல்லாயிக்குப் போன் போட்டாள். நான்காவது மணியில் எடுத்தாள். ஐவி விஷயத்தைச் சொன்னாள்.

"தோட்டத்துல பொறந்தவரு," என்றாள் செல்லாயி. "நல்லா சமைப்பாரு. கோவம் வந்தா சாப்பிட மாட்டாரு." பிறகு வயதைச் சொன்னாள். "நாப்பத்தொண்ணுக்கா. இருந்தா இந்த மாசம் நாப்பத்தி நாலு முடிஞ்சிருக்கும்."

ஐவி எழுதிக்கொண்டாள். வேறு ஏதாவது சொல்வாளா என்று காத்திருந்தாள். அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் இரைந்துகொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது.

"ரேஹாட் நேரம்க்கா. பசங்க வந்துட்டாங்க, வைக்கிறேன்," என்றாள் செல்லாயி.